ஸ்பெஷல்காரரின் இரண்டாவது டேங்க்

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, "ஸ்பெஷல்" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்வார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் தோரணையைப் பார்த்தால், பின்னால் நாலு பாதுகாப்புக் கார் அவருக்காகவே காத்திருப்பதுபோல இருக்கும். சொல்லிச் சொல்லியே ஊருக்குள் அவர் ஸ்பெஷல்காரர் ஆகிவிட்டார். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதைக் கரண்ட் பில்லில் மட்டும் பார்க்கலாம்.

அப்படியென்ன பெரிய வண்டி என்று கேட்காதீர்கள். யாரோ ஓட்டி அலுத்து விற்ற சின்ன வண்டி. இடது பக்கக் கதவை ஒரு தரம் சாத்தினால் மூடாது, கோபித்துக்கொண்டு இன்னொரு தரம் ஓங்கிச் சாத்த வேண்டும். பெயின்ட் ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்கலாம். ஆனால் அதற்குக் குடிக்கக் கொடுத்தது மட்டும் பங்க்கிலேயே உசத்தியான, ஆக்டேன் எண் கூடின பெட்ரோல்.

அவர் தொழில் ஜெராக்ஸ், லேமினேஷன். பெரிய அரசு அலுவலகம் ஒன்றுக்கு எதிரே, இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் தெருவில் நிற்க வேண்டிய கடை. ஒருவர் பட்டம் வாங்கியிருப்பார், இன்னொருவர் வீடு வாங்கியிருப்பார், எல்லோரும் தங்கள் தாளைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். சூடான மெஷினுக்குள் அதை விட்டு, அந்தப் பக்கம் பளபளவென்று வருவதை வாங்கி, ஓரத்தைக் கத்தரித்துக் கொடுப்பார். காலையிலிருந்து சாயங்காலம் வரை அடுத்தவர் பெருமைக்கு உறை போடுகிற வேலை. அவர் பெயரில் பெருமைப்பட இருந்த ஒரே தாள் வண்டியின் பதிவுச் சான்றுதான். அதை இரண்டு தடவை லேமினேட் செய்து வைத்திருந்தார்.

கடையில் வருகிறவனெல்லாம் "சீக்கிரம்யா" என்பான். வீட்டிலோ பேசுவதற்கு மூன்று பெண்கள் இருந்தார்கள். மனைவி, மகள், மாமியார். கேட்பதற்கு அவர் ஒருவர்தான். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திவிட்டால் போதும், முதுகு தானாக நிமிரும். அதனால்தான் அந்த வண்டியின் மேல் அவருக்கு அப்படி ஓர் உயிர்.

ஸ்பெஷல் பெட்ரோல் பைத்தியம் பிடித்த கதையும் கடையில்தான் நடந்தது. பங்க்கில் ஒட்டுவதற்கான விளம்பரத் தாள் ஒன்றை லேமினேட் செய்ய ஒருவர் கொண்டுவந்தார். 'உயர்ந்த ஆக்டேன், கூடுதல் மைலேஜ்' என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. நம்மவர் தனக்கும் ஒரு நகல் எடுத்து, அதற்கும் உறை போட்டு, மெஷினுக்கு மேலே மாட்டிக்கொண்டார். வருஷக்கணக்காக மெய்யான சான்றிதழ்களுக்கே உறை போட்டுப் பழகிய மனுஷன். உறை போட்டு வருவதெல்லாம் உண்மை என்று அவர் மனசுக்குள் எப்படியோ படிந்துபோயிருந்தது.

வண்டி பழுது பார்க்கும் மெக்கானிக் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். "அண்ணே, அந்த நம்பர் கூடினா சக்தி கூடும்னு யாரு சொன்னது? இன்ஜினுக்குள்ள அழுத்தும்போது நேரத்துக்கு முன்னாடியே வெடிச்சுடாம தாங்குற குணம்ணே அது. அழுத்தம் ஜாஸ்தி இருக்கிற பெரிய இன்ஜினுக்கு அது வேணும். உங்க வண்டிக்குச் சாதாவே போதும்னு கம்பெனிக்காரனே டேங்க் மூடியில எழுதி வெச்சிருக்கான் பாருங்க."

"எழுதியிருக்கான், சரி. லேமினேட் பண்ணியிருக்கானா?" என்று கேட்டார் ஸ்பெஷல்காரர். மெக்கானிக் அதற்குப் பிறகு ஆயில் மாற்றுவதோடு நிறுத்திக்கொண்டார்.

பெட்ரோல் விலை அவர் பாடு என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். விட முடியாத விஷயம் வேறு. இவ்வளவு உசத்தியான பெட்ரோல் போட்ட வண்டியில் யாரையும் ஏற்ற மாட்டார். ஆள் ஏறினால் மைலேஜ் இறங்கும் என்பார். மாமியார் மருத்துவமனைக்குப் போக வேண்டுமென்றால், "அத்தை, பஸ்ஸுல போனா காத்தோட்டமா இருக்கும்" என்பார். மனைவி வேலை பார்க்கும் தையல் கூடம் அவர் கடைக்குப் போகிற வழியில்தான் இருந்தது. அந்த அம்மாவும் பஸ்ஸில்தான் போனாள். அவள் தெருமுனையில் நின்றுகொண்டிருக்க, பக்கத்து சீட்டில் டிபன் டப்பாவை மட்டும் உட்கார வைத்துக்கொண்டு இவர் போவதை அக்கம்பக்கமே பார்த்திருக்கிறது.

ஒரு மழை நாளில் அவள் தொப்பலாக நனைந்து வீட்டுக்கு வந்தாள். வாசலில் வண்டி மட்டும் நனையாமல் போர்வை போர்த்திக்கொண்டு நின்றது. அவ்வளவுதான். துண்டைக்கூட எடுக்காமல் நேராக அவர் முன்னால் வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த வண்டியை வித்துடுங்க."

"எதை?"

"அதைத்தான். பேக்கரிக்காரர் ரெண்டு தடவை கேட்டாச்சு. ரொட்டி கொண்டு போக வேணுமாம். ரொட்டியாவது அதுல ஏறி நாலு எடம் பார்த்துட்டு வரட்டும்."

"நீ வேற. நான் ஸ்பெஷல் போட்டு, பார்த்துப் பார்த்து ஓட்டி, என்ன மைலேஜ் எடுக்கிறேன் தெரியுமா உனக்கு?"

"மைலேஜை எடுத்து என்ன செய்யறீங்க? ஊறுகாயா போடுறீங்க?"

மாமியார் சிரித்துவிட்டு இருமுவதுபோல் நடித்தாள். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் மருந்துக் கம்பெனி ஒன்றில், மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா என்று சோதிக்கும் பிரிவில் இருந்தாள். வீட்டுச் சண்டையையும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பாள்.

"சோதிச்சுப் பார்த்துடலாம்பா," என்றாள். "ஒரு டேங்க் சாதா, ஒரு டேங்க் ஸ்பெஷல். ரெண்டு தடவையும் நானே வண்டியை எடுத்துட்டுப் போய் நிரப்பிட்டு வர்றேன். எது எதுன்னு உங்களுக்குச் சொல்ல மாட்டேன். எங்க கம்பெனியில மாத்திரை முழுங்கறவருக்கு, முழுங்கினது மருந்தா மாவு உருண்டையான்னு தெரியாது. தெரிஞ்சா மனசு விளையாடிடும்."

"எனக்குச் சொல்லவே வேணாம். சத்தத்தை வெச்சே சொல்லிடுவேன்," என்றார் அவர்.

"ஆனா ரெண்டு தடவையும் ஒரே மாதிரி ஓட்டணும்."

"பின்னே எப்படி ஓட்டுவாங்க?"

ஸ்பெஷலில் மைலேஜ் கூடினால் வண்டி வீட்டில் இருக்கும், அதைப் பற்றி இனி யாரும் வாயைத் திறக்கக் கூடாது. கூடாவிட்டால் பேக்கரிக்காரருக்குப் போய்விடும். இப்படி முடிவானது. ஒப்புக்கொண்டு படுக்கப் போனவருக்குத் தூக்கம் வரவில்லை. தன் வண்டியின் பின்சீட்டில் ரொட்டி அடுக்கியிருப்பதுபோல நினைத்துப் பார்த்தார். எழுந்து போய் ஜன்னல் வழியாக வண்டியை ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார்.

மகள் முதல் டேங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து சாவியைக் கொடுத்தாள். அவர் வண்டியை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடி, ஸ்டியரிங்கில் காதை வைத்துக் கேட்டார். இன்ஜின் சத்தம் அமுக்கமாக, குளித்துச் சாப்பிட்டவன் பேசுவதுபோல நிதானமாக இருந்தது. சந்தேகமே இல்லை, ஸ்பெஷல்தான். வாயெல்லாம் பல்லாக இறங்கி வந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஸ்பெஷல் என்று தெரிந்த பிறகு மனசு கேட்குமா? அதற்குக் கொஞ்சம் ஒத்தாசை செய்தால் என்ன தப்பு என்று தோன்றியது. டிக்கியில் இருந்த ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினார். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் ஓட்டினார். அப்போதுதான் பெடலின் மனசு புரியுமாம். ஏசி பக்கம் கையே போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் காற்று இழுக்கும் என்று நாலு கண்ணாடியையும் ஏற்றிக்கொண்டு, உள்ளே வெந்துகொண்டே போனார். சைக்கிள்காரர்கள் மணியடித்துவிட்டு முந்திப் போனார்கள். சிக்னலில் சிவப்பு விழுந்தால் தூரத்திலேயே காலை எடுத்து, நிற்கவும் மாட்டாமல் போகவும் மாட்டாமல் ஊர்ந்தார். பின்னால் வந்தவர்கள் அவருடைய அப்பா, தாத்தா எல்லோரையும் விசாரித்தார்கள். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அந்த பஸ் ஸ்டாப் விவகாரம் நடந்தது. மனைவி கை நிறைய காய்கறிப் பைகளோடு நின்றுகொண்டிருந்தாள். பார்த்ததும் அவருக்கே மனசு கரைந்துவிட்டது, ஏற்றிக்கொள்ளலாம் என்று. ஆனால் நிறுத்தினால் மறுபடி கிளப்ப வேண்டும், கிளப்பினால் பெட்ரோல் குடிக்கும். அதனால் நிறுத்தாமல், ஆள் நடக்கும் வேகத்தில் ஓரமாக உருட்டிக்கொண்டே எட்டி இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறிக்கோ, ஏறிக்கோ, அப்படியே ஏறிக்கோ."

"நிறுத்துங்க முதல்ல."

"நிறுத்த முடியாது. நீ கொஞ்சம் வேகமா வா."

பாவம், அந்த அம்மாவும் ஒரு நிமிஷம் நம்பி வண்டியோடு ஓடினாள். ஒரு பையைத் தூக்கி சீட்டில் போட்டாள், இன்னொன்றையும் போட்டாள். அப்புறம் பஸ் ஸ்டாப்பே தன்னை வேடிக்கை பார்க்கிறது என்று தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டாள். உருளைக்கிழங்கும் வெங்காயமும் மட்டும் வண்டியில் போயின. பின்னால் வந்த பஸ்ஸில் ஏறி, வழியில் அவரையும் தாண்டி, வீட்டுக்கு வந்து முகம் கழுவி உட்கார்ந்திருந்தாள். அன்று அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுதினால் அச்சில் வராது.

டேங்க் தீர்ந்தது. மகள் இரண்டாவதை நிரப்பிக்கொண்டு வந்தாள். ஸ்டார்ட் செய்ததும் அவர் முகம் சுளித்தார். கரகரவென்று சளி பிடித்த தொண்டை மாதிரி ஒரு சத்தம். "சாதா," என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். அப்போது அவருக்கு அடுத்த யோசனை உதித்தது. முதல் டேங்க்குக்கு ஒத்தாசை செய்தாயிற்று. இதற்கு உபத்திரவம் செய்தால் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாகத் தெரியுமே. பேக்கரிக்காரர் தள்ளுவண்டி பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

நேராக அடுப்படிக்கு வந்து, "யாராவது எங்கயாவது போகணுமா?" என்று கேட்டார்.

மூன்று பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமியார் எழுந்து வந்து அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "மாப்ள, உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன் அத்தை. உங்க சிநேகிதி ஊருக்கு அந்தக் கோடியில இருக்காங்கன்னு சொன்னீங்களே. கிளம்புங்க. ஸ்டெப்னி, ஜாக்கி, உங்க நாற்காலி, எல்லாத்தையும் ஏத்திக்கலாம்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் நடந்ததை அக்கம்பக்கத்தார் ஜன்னல் வழியாக நம்ப முடியாமல் பார்த்தார்கள். ஏசியைப் போட்டுக்கொண்டு, நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினார். கூட்டமாக இருக்கும் கடைத்தெருவாகப் பார்த்துப் புகுந்தார். மாமியார் சிநேகிதி வீட்டில் சாவகாசமாகப் பேசி முடிக்கும்வரை வாசலில் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். மனைவியைத் தினமும் தையல் கூடத்தின் வாசலிலேயே இறக்கிவிட்டார். அவளோடு வேலை செய்பவர்களையும் பின்சீட்டில் அடைத்துக்கொண்டார். மகள் ஒருநாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதை விழுங்கிவிட்டுப் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

மனைவி முதலிரண்டு நாள் கதவோரமாக, எந்த நேரமும் இறங்கச் சொல்வார் என்பதுபோல உட்கார்ந்திருந்தாள். அப்புறம் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் பேச ஆரம்பித்தாள். தையல் கூடத்து மேனேஜர் எப்படி நடப்பார் என்று உட்கார்ந்தபடியே தோளை ஆட்டிக் காட்டினாள். சின்ன வயதில் அவள் நீச்சல் போட்டியில் ஜெயித்தவளாம். இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அது அன்றைக்குத்தான் தெரிந்தது. "என்கிட்ட சொன்னதே இல்லையே," என்றார். "பக்கத்துல உட்காரவெச்சு நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்தப் பேச்சோடு பேச்சாக ஊருக்கு வெளியே உள்ள ஏரிக்குப் போனார்கள். அவள் தண்ணீரில் முழங்கால் மட்டும் இறங்கி நின்று திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணமான புதிதில் பார்த்த சிரிப்பு. அது எங்கேயும் போய்விடவில்லை, இவர்தான் அது இருந்த பக்கம் போகாமல் இருந்திருக்கிறார். இன்ஜினை ஓடவிட்டு நின்றவர், வண்டிச் சத்தத்தில் அவள் பேசுவது கேட்கவில்லை என்று எட்டிச் சாவியைத் திருப்பி அணைத்தார். பெட்ரோல் வீணாக வேண்டுமே என்ற நினைப்பே அப்போது அவருக்கு இல்லை.

அந்த டேங்க்கும் தீர்ந்தது. சாப்பாட்டு மேஜையில் நால்வரும் உட்கார்ந்தார்கள். மகள் போனில் கணக்குப் போட்டு நிமிர்ந்தாள்.

"முதல் டேங்க்ல லிட்டருக்குப் பத்தொன்பது கிலோமீட்டர். ரெண்டாவதுல பதினொண்ணு."

ஸ்பெஷல்காரருக்குத் தலைகால் புரியவில்லை. மேஜையை ஒரு தட்டுத் தட்டினார். "நான் சொன்னா யாரு கேட்டீங்க? சத்தத்தை வெச்சே அன்னைக்கே கண்டுபிடிச்சுட்டேன். ஸ்பெஷல்னா ஸ்பெஷல்தான்."

"முதல்ல போட்டது சாதாப்பா," என்றாள் மகள். "ரெண்டாவதுதான் ஸ்பெஷல்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மாமியார் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள். ஏசியும் காற்றுமாக, நாற்காலியும் ஜாக்கியுமாக, ஊரையே சுற்றிச் சுற்றி அவர் மெனக்கெட்டு எரித்துத் தீர்த்தது அவருடைய சொந்த ஸ்பெஷலை. பெட்ரோலுக்குக் காது கொடுத்த மனுஷனுக்குத் தன் காது ஒன்றுக்கும் உதவாது என்று தெரிந்துபோயிற்று.

ஆனால் தப்பிக்க வழி இருந்தது. மகளே அதைத் திறந்துவிட்டாள். அவரை நேராகப் பார்த்து, "அப்பா, ரெண்டு டேங்க்கும் ஒரே மாதிரிதானே ஓட்டினீங்க? இல்லைன்னா சொல்லுங்க, இந்தச் சோதனை செல்லாது. மறுபடி செய்யலாம்," என்றாள்.

செல்லாது என்று கத்தத்தான் வாயைத் திறந்தார். அது ஒரு வார்த்தைதான். ஆனால் கூடவே, இரண்டாவது டேங்க்கை வேணும்னே வீணாக்கினேன், பெட்ரோலை எரிக்கத்தான் ஏரிக்குப் போனேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால் வண்டி பிழைத்தது. எதிரே மனைவி உட்கார்ந்திருந்தாள். இந்தக் கொஞ்ச நாளில் முகம் மெருகேறி, பத்து வயசு குறைந்து உட்கார்ந்திருந்தாள். தன்னை ஆசையாகக் கூட்டிப்போனதாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். அதை அவள் முகத்திலிருந்து பிடுங்கி எடுத்துவிட்டு வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?  தண்ணீரைக் குடித்தார்.

"ஒரே மாதிரிதாம்மா ஓட்டினேன்," என்றார். "பெட்ரோல்ல ஒண்ணும் இல்ல. பேக்கரிக்காரரை நாளைக்குக் காலையில வரச் சொல்லிடுறேன்."

மறுநாள் காலையில் வாளியும் துணியுமாக வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். கொடுப்பதுதான் கொடுக்கிறோம், அழுக்காகக் கொடுப்பானேன் என்று. அழவில்லை. ஆனால் ஒரே கண்ணாடியை நாலு தரம் துடைத்தார். மனைவி வந்தாள். இடது பக்கக் கதவைத் திறந்து ஏறி, ஓங்கி இரண்டாம் தரம் சாத்தி, உள்ளே உட்கார்ந்துகொண்டாள்.

"நேத்து ஏன் பொய் சொன்னீங்க?"

துணி கையோடு நின்றுவிட்டது. "என்ன பொய்?"

"ஏசியையும் போட்டுட்டு நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினீங்களே, அது என்ன வேண்டுதலா? எனக்குப் பெட்ரோலைப் பத்தித் தெரியாதுங்க. உங்களைப் பத்தித் தெரியாதா? முதல் நாளே புரிஞ்சுபோச்சு. நம்ம பொண்ணுகூட வந்து சொன்னா, அப்பா சோதனையைக் கெடுக்கறார்மான்னு. நான்தான் வாயை மூடிட்டு இருடின்னேன்."

"தெரிஞ்சுமா வந்தே?"

"பின்னே? கேட்டா நிறுத்திடுவீங்கல்ல."

அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகை வரும்போலவும் இருந்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்தபடி, "உன்னைக் கூட்டிட்டுப் போனது மொதல்ல அதுக்காகத்தான். ஆனா ஏரியில..." என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் நின்றார்.

"தெரியும். ஏரியில இன்ஜினை அணைச்சீங்க," என்றாள் அவள். "நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வண்டி மிஞ்சியிருக்கும். எனக்காகச் சொல்லாம விட்டீங்க. அது போதும். பேக்கரிக்காரரை வேற வண்டி பார்த்துக்கச் சொல்லியாச்சு."

"எப்போ?"

"நீங்க கண்ணாடியைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தப்ப. ஏறுங்க. சாதா பெட்ரோல் போட்டுட்டு அப்படியே ஒரு சுத்து போயிட்டு வரலாம். அம்மாவும் வர்றாங்க, பைங்க வேற ரெண்டு இருக்கு."

அவர் ஏறினார். சாவியைப் போட்டார். பழக்கதோஷம் விடுமா, திரும்பிப் பார்த்துத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"இவ்வளவு பேர் ஏறினா மைலேஜ் குறையுமே."

"குறையட்டும்," என்றாள்.